பாதிப் புடவையில் கை மாற்றினாள்

அன்று காலை தெருவில் பாவு விரித்திருந்தார்கள். யாரும் வரவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இந்த இரண்டு வரியில் அப்படி என்ன இருக்கிறது என்று தோன்றும். எங்கள் தெருக்காரர் யாராவது படித்தால் இந்த இடத்திலேயே பத்திரிகையை மடித்து வைத்துவிடுவார்.

பாவு என்பது புடவையின் நீளவாட்டு இழைகள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சித் தண்ணீர் தெளித்து, சிக்கெடுத்து, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். புருஷன் பெண்சாதி இரண்டு பேரால் ஆகிற காரியம் இல்லை. அதனால் பெரிய காஞ்சிபுரத்தில் நாங்கள் இருக்கும் தெருவில் பாவுக்கு அழைப்பு என்பதே கிடையாது. இழை இழுத்துக் கட்டும் சத்தம் கேட்டால் பல் துலக்கிக்கொண்டிருப்பவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நிற்பார். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்கூட ஒரே பாவின் இரண்டு பக்கமும் நின்று, முகத்தைப் பார்க்காமலே இழை பிரித்துக் கொடுப்பார்கள். “பகை வூட்டுக்குள்ள, பாவு தெருவுல” என்று என் அப்பா சொல்லுவார்.

அன்று பாவு விரித்தவர்கள் தெருக்கோடி வீட்டில் வாடகைக்கு இருந்த ஸ்டெல்லாவும் அவள் கணவன் சேகரும். ஸ்டெல்லா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடுத்தெருவில் நின்றாள். கஞ்சித் தண்ணீரின் புளித்த வாசனை என் வாசல் வரை வந்தது. எல்லா வீட்டிலும் ஆள் இருந்தது. ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. இன்னொரு வீட்டு டிவியில் ராசிபலன் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரோ அந்தச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள்.

நான் காபி டம்ளரோடு வாசலில் நின்று எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். கம்பிகளுக்குப் பின்னால் கோமதி நின்றுகொண்டிருந்தாள்.

கோமதியைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேல் என்னால் ஒரு வரி எழுத முடியாது.

என் பலகை

கோமதியும் நானும் ஒரே தறியில் வளர்ந்தவர்கள். என் அப்பாதான் இரண்டு பேருக்கும் கோர்வை பழக்கினார். எங்கள் ஊர்ப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோர்த்து நெய்வதுதான் கோர்வை. ஒருத்தி தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்ய வேண்டும். இன்னொருத்தி தறியின் ஓரத்தில் ஒரு சின்னப் பலகையில் உட்கார்ந்து கரைக்கான நாடாவை, அதாவது நூல் சுற்றிய ஓடக்கட்டையை, தள்ளிக் கொடுக்க வேண்டும். உடலின் இழையும் கரையின் இழையும் கொக்கி போட்டுக்கொள்ளும் நொடியில் இரண்டு பேரும் ஒரே அளவாக இழுக்க வேண்டும். ஒருத்தி கொஞ்சம் முரட்டுத்தனமாக இழுத்தாலும் சேர்க்கை கோணிக்கொள்ளும்.

கோமதி குழியில், நான் பலகையில். எனக்கு வாய் ஓயாது. அவள் தலையை ஆட்டிக்கொண்டே நெய்வாள். நான் பேச அவள் கேட்க என்று கடவுளே ஏற்பாடு செய்தது போல இருக்கும்.

அப்புறம் நான் படிக்கப் போனேன். சரித்திர ஆசிரியையாகி ஊர் ஊராக மாற்றலில் திரிந்தேன். கோமதி எதிர்வீட்டுக்கே மருமகளாக வந்து, அதே தெருவில் அதே வேலையைத் தொடர்ந்தாள். பலகையை நானாகத்தான் விட்டுவிட்டுப் போனேன், யாரும் என்னைத் தள்ளிவிடவில்லை. இருந்தாலும் அது என் பலகை.

ஓய்வுபெற்று அப்பா வீட்டுக்கே திரும்பி வந்த அன்று, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் எதிர்வீட்டுக்கு ஓடினேன். கோமதி குழியில் இருந்தாள். பலகையில் ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தாள்.

ஸ்டெல்லாவின் ஊர் திருப்புட்குழிப் பக்கம். அவள் அப்பா அம்மா பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும் குடும்பம். கூலிக்குப் பலகையில் உட்கார வந்தவள், வந்த வருஷமே கோமதியின் கை இழுப்பை அப்படியே பிடித்துக்கொண்டுவிட்டாள். அவளும் கோமதியும் நெய்யும்போது பேச்சே இருக்காது. தறி அடிக்கும் சத்தம், ஒரு சின்ன நிறுத்தம், மறுபடி சத்தம். அந்த நிறுத்தம்தான் இரண்டு நாடாவும் கோர்த்துக்கொள்ளும் நேரம். நானும் கோமதியும் நெய்தபோது அந்த நிறுத்தம் ஒருநாளும் இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை. அது எனக்குக் கேட்டது, கேட்டதால் எரிந்தது.

சாப்பாட்டு நேரத்தில் இன்னும் மோசம். ஸ்டெல்லா நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவருவாள். செவ்வாய், வெள்ளி தவிர மற்ற நாளெல்லாம் கோமதி அதைத் தொட்டுக்கொண்டு இரண்டு கை சோறு அதிகம் தின்பாள். நான் கொண்டுபோன வத்தக் குழம்பை மூடி திறந்து பார்த்து, “நல்லாருக்குதுடி வசந்தா” என்று சொல்லி அப்படியே மூடி வைப்பாள். நல்லாருக்கிற குழம்பை யாராவது மூடி வைப்பார்களா?

எனக்கு ஸ்டெல்லாவைப் பிடிக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். நல்ல பெண். எதிரே வந்தால் “டீச்சர், சாப்ட்டீங்களா?” என்று கேட்காமல் போக மாட்டாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

கழிக்கட்டும் கோடரியும்

பள்ளிக்கூடத்தில் நான் வருஷா வருஷம் நடத்தியது இத்தாலி, ஜெர்மனிப் பாடம். மாணவிகள் அதை ‘மீசைப் பாடம்’ என்பார்கள். புத்தகத்தில் ஜெர்மானியத் தலைவரின் படம் இருக்கும் பக்கத்தில் ஒருத்தி பாக்கியில்லாமல் பேனாவால் மீசையைத் தடிக்க வைத்திருப்பாள்.

பாசிசம் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று கரும்பலகையில் வரைந்து காட்டுவேன். பழைய ரோமாபுரியில் அதிகாரிகளுக்கு முன்னால் ஏவலாள் ஒரு கழிக்கட்டைத் தூக்கிக்கொண்டு போவான். அந்தக் கட்டுக்கு அவர்கள் பாஷையில் உள்ள பெயரிலிருந்து வந்ததுதான் இது. தனிக் கழியை ஒடித்துவிடலாம், கட்டை ஒடிக்க முடியாது. “ஒற்றுமையே பலம் மிஸ்!” என்று வகுப்பு மொத்தமும் கத்தும். ஆமாம், ஆனால் கட்டின் நடுவில் ஒரு கோடரியும் செருகியிருக்கிறதே, அது எதற்கு என்று கேட்பேன். கழிகளைப் பார்க்கிற அவசரத்தில் யாரும் கோடரியைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

இத்தாலியில் கறுப்புச் சட்டை, ஜெர்மனியில் பழுப்புச் சட்டை. போர் மிச்சம் வைத்த கோபம், விலைவாசி, வேலையில்லாத் திண்டாட்டம். எல்லாம் நிஜமான கஷ்டம். அதற்கெல்லாம் காரணம் உன் பக்கத்து வீட்டுக்காரன்தான் என்று ஒருவன் மேடையேறிச் சொன்னான். அப்புறம் ஒருநாள் யூதர்களின் கடை வாசல்களில் சீருடைக்காரர்கள் போய் நின்றார்கள். உள்ளே போகாதே என்று சொல்வதற்காக நின்றார்கள். பெரிய கொடுமைகளெல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

இதை நடத்தி முடித்த ஒரு மத்தியானம், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பெயர் மறந்துவிட்டது. கேட்டது மறக்கவில்லை.

“மிஸ், அவங்களையெல்லாம் இஸ்துக்கினு பூட்டாங்க இல்ல? அந்த வூட்டுலலாம் அப்பறம் யாரு குடி வந்தாங்க?”

பாடத்தில் இல்லை, உட்கார் என்றேன். பிறகு நூலகத்தில் தேடிப் படித்தேன். வெளியிலிருந்து வந்தவர்களும் உண்டு, அக்கம்பக்கத்தவர்களும் உண்டு. பக்கத்து வீட்டு பால்கனியை ரொம்ப நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். நாற்காலி, பீங்கான், பியானோ எல்லாம் அப்படியே கிடைத்தன. வேலைகளும் கிடைத்தன, வாத்தியார் வேலை உட்பட. அந்தப் பெண்ணைத் தேடிப் போய்ச் சொல்ல நேரம் வாய்க்கவில்லை.

மைக் பிடித்தவள்

எங்கள் தெருவுக்குச் சங்கம் வந்தபோது அது சங்கமாக வரவில்லை, சாக்கடை அள்ள வந்தது.

மோகன் என்று ஒருவர். முப்பத்தைந்து வயது இருக்கும். நிலம் வாங்கி விற்கும் தொழில். இதே தெருவில் பிறந்து, வெளியே போய்ச் சம்பாதித்துத் திரும்பியவர். வருஷக்கணக்கில் அடைத்துக் கிடந்த சாக்கடையை ஒரே நாளில் ஆள் வைத்து அள்ளினார். எரியாத தெருவிளக்கை எரிய வைத்தார். எல்லோர் பெயரும் அவருக்குத் தெரியும், பிறந்தநாளும் தெரியும். காலையில் செல்போனில் பூ படத்தோடு வாழ்த்து வரும். பிறகு மாந்தளிர் நிறத்தில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். எங்கள் தெருவில் துண்டைக் குறை சொல்லிப் பழக்கம் இல்லை, நிறம் எடுப்பாக இருந்தது.

எனக்கும் ஒரு துண்டு வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கொடுத்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன். ஆனால் கொடுத்திருக்க வேண்டும்.

கோமதிக்குத் துண்டோடு பதவியும் வந்தது. மகளிர் அணித் தலைவி. பிள்ளையார் கோயில் முனையில் கூட்டம் போட்டு, மோகன் அவள் கையில் மைக்கைக் கொடுத்தார். நான் பேசப் பேசத் தலையாட்டியே பழகிய கோமதி! உளறப் போகிறாள் என்று கடைசி வரிசையில் நின்றேன். ஒழுங்காகப் பேச வேண்டும் சாமி என்று ஒரு மனசு வேண்டிக்கொண்டது. உளற வேண்டும் என்று இன்னொரு மனசு அதைவிட உரக்க வேண்டிக்கொண்டது.

அவள் உளறவில்லை.

“இந்தத் தெருவுல நான் மருமவளா வந்து இத்தினி வருசம் ஆவுது. ஒரு கடைக்காரர், ஒரு ஆபீசரு, என் பேரு இன்னான்னு கேட்டதில்ல. புடவையை விரிச்சுப் பாப்பாங்க, மூஞ்ச பாக்க மாட்டாங்க. மோகன் தம்பிதான் கேட்டுது. என் பேரு கோமதி.”

தெருவே கைதட்டியது. பக்கத்தில் நின்ற டீக்கடைக்காரர் என் பக்கம் குனிந்து, “டீச்சர், உங்க பிரெண்டு இன்னா போடு போடுது பாத்தீங்களா!” என்றார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். நான் பரிசு வாங்கியபோதும், வேலை கிடைத்தபோதும் என் முகத்தில் வராத வெளிச்சம். சங்கத்தின் மேல் எனக்கு முதலில் வந்தது சந்தேகமோ கொள்கைப் பகையோ இல்லை. சுத்தமான, கலப்படமில்லாத பொறாமை.

எங்கள் புத்தகங்களில் அந்த மேடைப் பேச்செல்லாம் இருந்தது. கீழே நின்று கேட்டவர்களுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை. இருந்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் நன்றாகப் பாடம் நடத்தியிருப்பேன்.

அடுத்தடுத்த கூட்டங்களில் பேச்சு திரும்பியது. விசைத்தறிப் புடவையைக் கைத்தறி என்று விற்கிறார்கள் என்றார் மோகன், உண்மை. நம் பிள்ளைகள் தறியை விட்டுக் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள் என்றார், அதுவும் உண்மை. யாரால் என்று கேட்டு, கொஞ்சம் நிறுத்தி, “வெளியாளுங்க நம்ம தறியில உக்காந்துட்டாங்க” என்றார். அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ‘நம்ம தெரு, நம்ம தறி’ என்று சுவரில் எழுதினார்கள். எழுத்து அழகாக இருந்தது.

நான் கோமதியைக் கேட்டேன். அவள் வீட்டு முற்றத்தில் இருவரும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம்.

“வெளியாள்னா யாருடி? ஸ்டெல்லாவா?”

“அவளச் சொல்லல. பொதுவா சொல்றது.”

“பொதுவா சொல்றது ஒருநாளைக்கி ஒரு வூட்டு வாசல்ல வந்துதான் நிக்கும். நான் இத எத்தினி தபா பாடம் நடத்தியிருக்கேன் தெரியுமா?”

“ஐரோப்பாவ இங்க இஸ்துக்கினு வராத. அங்க போரு, இங்க இன்னா போரா நடக்குது?”

“போர்ல ஆரம்பிக்கலடி. இப்டித்தான் சாக்கடை, லைட்டு, மைக்குன்னு ஆரம்பிச்சுது.”

அவள் கீரைக்காம்பை முறத்தில் போட்டுவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

“உனுக்குப் பொறாமைடி வசந்தா. எனுக்கு ஒருநாளு கை தட்டுனது உனுக்குத் தாங்கல.”

அது நிஜம். நான் சொன்னதும் நிஜம். ஆனால் அவள் சொன்ன நிஜம் என் நிஜத்தின் வாயை அடைத்துவிட்டது. கீரையை முடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

புடவை நடுவில்

ஒரு மத்தியானம் நான் கோமதி வீட்டில் பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தபோது மோகன் வந்தார். ஸ்டெல்லா ஏதோ வேலையாகத் தன் வீட்டுக்குப் போயிருந்தாள். தறியில் அரக்குச் சிவப்பு உடலும் பச்சைக் கரையுமாகப் பாதிப் புடவை இருந்தது. மோகன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நல்ல மரியாதை தெரிந்தவர்.

“கோமதியம்மா, நாளையிலேர்ந்து நம்ம தறிங்கள்ல நம்ம ஆளுங்கதான் உக்காரணும்னு கமிட்டில பேசியிருக்கோம். நீங்கதான் தலைவி. உங்க வூட்லேர்ந்தே ஆரம்பிச்சா நல்லாருக்கும்மா.”

கோமதி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

“புடவை பாதில இருக்குதுபா. இத நெஞ்சு முடிச்சு அறுத்துட்டு நிறுத்திடறேன்.”

“அறுத்துட்டு, முடிச்சுட்டுன்னா எதுவும் நடக்காதும்மா. சின்ன விஷயம்தான?”

அவர் சிரித்தார். கோமதியும் சிரித்தாள், “சரிப்பா” என்றாள்.

எனக்கு உள்ளுக்குள் இனித்தது. மறைக்க என்ன இருக்கிறது? அன்று சாயங்காலம் ரவா கேசரி கிளறினேன். முந்திரி அதிகமாகப் போட்டேன். எதற்கு இந்தக் கேசரி என்று என்னையே கேட்டுக்கொள்ளாமல் தின்றேன்.

மறுநாள் காலை எதிர்வீட்டுத் தறிச் சத்தம் கேட்டது. நிறுத்தம் தப்பாக இருந்தது. ஒரு தடவை நீண்டது, ஒரு தடவை குறுகியது. எட்டிப் பார்த்தேன். பலகையில் சங்கத்துப் பெண் ஒருத்தி, தோளில் மாந்தளிர்த் துண்டோடு உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. காரணத்தைச் சொல்கிறேன். புடவை நடுவில் கோர்வைக் கை மாற்றுவது எங்கள் ஊரில் கிடையாது. ஒவ்வொரு கைக்கும் ஒரு இழுப்பு. பாதியில் கை மாறினால் சேர்க்கையில் அது நின்று காட்டும். புடவையை மடித்து வைத்தாலும் தெரியும். பலகையில் இருக்கிறவள் வீட்டில் சாவு விழுந்தால்கூட, காரியம் முடித்து அவள் திரும்பும் வரைக்கும் தறி சும்மா கிடக்கும். கோமதிக்கு இது தெரியாதா? எனக்கே அவள்தான் அடிக்கடி சொல்லுவாள். ஸ்டெல்லாவுக்கு ஒருமுறை டெங்குக் காய்ச்சல் வந்தபோது, கடைக்காரர் திட்டத் திட்ட, அவள் தேறி வரும் வரை தறியில் துணியைப் போட்டு மூடி வைத்தவள்.

அந்தக் கோமதி மாற்றினாள். கத்தி காட்டி மிரட்டவில்லை. ஒருவர் சிரித்துக் கேட்டார், அவ்வளவுதான். தன் கைக்குத் தெரிந்ததைத் தன் கையாலேயே தள்ளி வைத்தாள். ஜெர்மனியில் மருத்துவர்கள், நீதிபதிகள், ஆசிரியர்கள் இதைத்தான் செய்தார்கள் என்று எத்தனையோ வருஷம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். எப்படிச் செய்தார்கள் என்பதை எதிர்வீட்டில் பார்த்தேன். மிச்சமிருந்த கேசரியை அன்று எடுத்துத் தெருநாய்க்குப் போட்டேன்.

வெயில்

சேகரும் தறி வேலையில் கைதேர்ந்தவன். பெண்சாதிக்கு வேலை போனதும், ஒரு பட்டுக்கடையில் பேசி நூல் வாங்கி, தன் வாடகை வீட்டிலேயே ஒரு தறி போட்டான். எங்கள் தெருவில் அவனுக்கென்று அதுதான் முதல் பாவு. முந்தின நாள் சாயங்காலம் எல்லோர் செல்போனிலும் சங்கத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. என் போனுக்கு வரவில்லை. டீக்கடைக்காரர் காட்டினார். நாளைக் காலை யாரும் தெருவில் இறங்க வேண்டாம் என்று இருந்தது, கீழே கைகூப்பும் படம்.

இப்போது தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டோம். நான் டம்ளரை வாசற்படியில் வைத்துவிட்டு இறங்கினேன்.

ஸ்டெல்லா நிமிர்ந்து பார்த்தாள். “டீச்சர், அந்தாண்ட புடிங்க” என்றாள், நான் தினமும் வருகிறவள் மாதிரி.

பிடித்தேன். என் கை எல்லாவற்றையும் மறந்திருந்தது. கண்ணாடி மூக்கில் வழுக்கியது. ஓர் இழையை முடியப் போய் பக்கத்து இழையை அறுத்தேன். “பரவால்ல டீச்சர், மெதுவா, மெதுவா” என்றான் சேகர். அவன் குரலில் பதற்றம் ஏறிக்கொண்டே போனது. அவன் ஒரு கோடியில், நான் மறுகோடியில், ஸ்டெல்லா நடுவில் ஓடிக்கொண்டிருந்தாள். எத்தனை கை வேண்டிய வேலை!

மோகன் ஸ்கூட்டரில் வந்து ஓரமாக நிறுத்தினார். இறங்கவில்லை. செல்போனை எடுத்துப் படம் பிடித்தார்.

“டீச்சர்மா, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இது? இடுப்பு புடிச்சுக்கப் போவுது.”

“இடுப்பு என்னுதுப்பா. உனக்கு வேற வேலை இருந்தா போய்ப் பாரு.”

“ஐயோ, நான் ஒண்ணும் சொல்லலையே, சும்மா நிக்கறேன்மா.”

சும்மாதான் நின்றார். ஓர் இழையைத் தொடவில்லை, ஒரு வார்த்தை கெட்டதாகப் பேசவில்லை. தொட வேண்டிய அவசியமும் இல்லை. மற்ற வேலையை வெயில் பார்த்துக்கொண்டது. கஞ்சி காயக் காய இழைகள் ஒன்றோடொன்று ஒட்டின. பிரித்தால் அறுந்தன. அறுந்ததை முடிவதற்குள் அடுத்த கொத்து அறுந்தது.

நான் கோமதியின் ஜன்னலைப் பார்த்தேன். அவள் இரண்டு கையும் கம்பியின் மேல் இருந்தன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அசைந்துகொண்டிருந்தன. உற்றுப் பார்த்தேன். முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். நூல் இல்லாமல், வெறும் விரலால், இங்கே ஒவ்வோர் இழை அறும்போதும் அங்கே ஒரு முடிச்சு. நான் பார்ப்பதைப் பார்த்ததும் கையை உள்ளே இழுத்துக்கொண்டாள். கதவு திறக்கவில்லை.

ஸ்டெல்லாவும் ஒருமுறை அந்த ஜன்னலைப் பார்த்தாள். ஒரே ஒருமுறை. பக்கத்தில் நின்று கை எரிய இழை பிடித்துக்கொண்டிருந்தவள் நான். அவள் கண் தேடியது கோமதியை. அந்த நேரத்திலும் எனக்குச் சுருக்கென்றது, என்ன ஜன்மமோ இது.

வெயில் தெரு முழுக்க ஏறியபோது சேகர் இழையை விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தான். ஸ்டெல்லா அழவில்லை. பாழான பாவைக் கந்தைத் துணி போல வாரிச் சுருட்டினாள். “வாங்க டீச்சர், வந்து காபி குடிச்சுட்டுப் போங்க” என்றாள். மோகன் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார். டிவி சத்தத்தை யாரோ குறைத்தார்கள்.

அந்த மாசமே அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். ஒரு குட்டி யானை வண்டியில் தறிச்சாமான், பீரோ, மாதா படம் எல்லாம் ஏறின. ஸ்டெல்லா எதிர்வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். கதவு சாத்தியிருந்தது. வண்டி திருப்புட்குழிப் பக்கம் போனது.

உட்காருடி

சங்கத்துப் பெண் பலகையில் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. அவள் நெய்த பகுதியில் சேர்க்கை கோணி நின்றது. கோமதி அதைப் பொறுமையாக இழை இழையாகப் பிரித்து, ஸ்டெல்லா விட்ட இடத்துக்கே கொண்டுவந்தாள். தன்னை அவமானப்படுத்திவிட்டதாக அந்தப் பெண் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

போன வாரம் கோமதி என்னைக் கூப்பிட்டாள். போனேன். தறிக்குழியில் உட்கார்ந்திருந்தாள். துண்டு ஆணியில் தொங்கியது. அரக்குச் சிவப்பும் பச்சையுமாக அந்தப் பாதிப் புடவை அப்படியே இருந்தது. பலகையைத் துடைத்து வைத்திருந்தாள்.

“வா வசந்தா. உக்காருடி.”

நான் நின்றேன்.

“இன்னா பாக்கற? உன் பலகைதான? சின்ன வயசுல பழகுனது எங்க போவப் போவுது? நீயும் நானும் மெதுவா முடிச்சுடலாம்.”

இத்தனை வருஷம் நான் ஆசைப்பட்ட வார்த்தை. ஓய்வுபெற்று வந்த அன்றே எதிர்பார்த்து ஓடிய வார்த்தை. பலகை வழவழவென்று இருந்தது. நடுவில், உட்கார்ந்து உட்கார்ந்து, லேசாகக் குழிந்திருந்தது. என் கால் ஓர் அடி முன்னால் போனதையும் சொல்லிவிடுகிறேன். கடைசி பெஞ்சுப் பெண் எழுந்து நின்று கேட்டது அப்போது காதில் விழுந்தது. அந்த வூட்டுலலாம் அப்பறம் யாரு குடி வந்தாங்க?

“அது ஸ்டெல்லா எடம்டி” என்றேன்.

கோமதியின் முகம் சிவந்தது.

“நீயா பேசற? அவ இங்க உக்காந்த நாள்லேர்ந்து வயிறு எரிஞ்சிக்கினு இருந்தவ நீ. எனுக்குத் தெரியாதா? குழம்பு தூக்கிக்கினு வந்து அவ மூஞ்சையே பாத்துக்கினு நிப்ப.”

“எரிஞ்சேன். இன்னும் எரியுது. அதுக்குன்னு அவ எடத்துல உக்காந்துருவனா?”

அவள் கரை நாடாவைக் கையில் எடுத்து உருட்டினாள். அதில் ஸ்டெல்லா சுற்றிய பச்சை இழை இன்னும் மிச்சமிருந்தது.

“அப்போ இத யாருதான் முடிக்கறது?”

“திருப்புட்குழிக்கு பஸ் போவுது. போய்க் கூப்புடு.”

“வருவாளா?”

“எனுக்கு எப்படித் தெரியும்? நீதான கதவ சாத்துன.”

கோமதி ஆணியில் தொங்கிய துண்டைப் பார்த்தாள், புடவையைப் பார்த்தாள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இதை எழுதும் இன்று வரை எதிர்வீட்டுத் தறி பேசவில்லை. காலையில் காபி போட்டதும் வாசலில் வந்து நின்று காது கொடுக்கிறேன். என்றைக்காவது சத்தம் கேட்கும், நடுவில் அந்த ஒழுங்கான நிறுத்தமும் கேட்கும். கேட்டால் அவர்கள் இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அன்று எனக்கு வயிறு பற்றி எரியும். அதற்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறேன்.